கலைக்களஞ்சியங்களில் வழிமாற்றுத் தலைப்புகள்: கலைச்சொல் மாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

அறிவியல் துறைகளில் பொருள்களின் பெயர்கள் காலந்தோறும் மாறி வருகின்றன. பெயர் மாறிய பின்னரும் பழைய பெயரால் எழுதப்பட்ட நூல்கள் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றைப் படிப்போரும் மொழிபெயர்ப்போரும் இருக்கின்றனர். பழைய பெயரைக் கொண்டு தேடி வரும் ஒருவரைப் புதிய பெயரின்கீழ் அமைந்த கட்டுரையில் கொண்டு சேர்ப்பது நோக்கு நூல்களின் கடமைகளுள் ஒன்றாகும். அச்சுக் கலைக்களஞ்சியங்கள் இக்கடமையைக் 'காண்க' என்னும் ஒரு சொல்லால் நிறைவேற்றின. இணையக் கலைக்களஞ்சியங்கள் இதனை 'வழிமாற்று' என்னும் தனிப் பக்கங்களால் நிறைவேற்றுகின்றன.

இவ்விரண்டும் ஒரே பணியைச் செய்வனபோல் தோன்றினும் இவற்றுக்கிடையே ஒரு வேறுபாடு உண்டு. 'காண்க' என்பது ஏவல். அதனைப் படிப்பவர் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒருசேரக் கண்டு, தாமே ஏடு புரட்டிச் செல்கிறார். வழிமாற்றோ படிப்பவரைத் தானே கொண்டு போய்விடுகிறது. தேடிய பெயர் கட்டுரைத் தலைப்பின்கீழ் ஒரு சிறு குறிப்பாக மட்டும் எஞ்சுகிறது. பலர் அதனைக் கவனிப்பதில்லை.

வழிமாற்றுக்கு அடிப்படையாக ஒரு மொழியியல் எடுகோள் உள்ளது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன என்பதே அது. கலைச்சொல் மாற்றங்கள் அனைத்தும் இவ்வெடுகோளுக்கு உட்படுவன அல்ல என்பதையும், உட்படாதவற்றை வழிமாற்றால் கையாளும்போது சொல்லின் வரலாறு மறைந்துவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. அச்சு நூல்களில் 'காண்க'

அகரவரிசையில் அமைந்த கலைக்களஞ்சியம் ஒரு துறையின் கருத்துகளைப் பல இடங்களில் சிதறச் செய்கிறது. ஆங்கிலத்தில் ஈஃப்ரேம் சேம்பர்ஸ் 1728இல் வெளியிட்ட கலைக்களஞ்சியம், இக்குறையை நீக்கும் பொருட்டுத் தலைப்புகளுக்கிடையே குறுக்குச் சுட்டுகளை விரிவாகக் கையாண்டது. அதனை அடியொற்றித் தொடங்கிப் பிரெஞ்சு மொழியில் 1751 முதல் வெளிவந்த பெருங்கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் தெனி திதரோ, 1755ஆம் ஆண்டின் ஐந்தாம் தொகுதியில் 'கலைக்களஞ்சியம்' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையில் இச்சுட்டுகளை வகைப்படுத்தினார். பொருளுக்குச் சுட்டுவது ஒன்று, சொல்லுக்குச் சுட்டுவது மற்றொன்று என்னும் அவருடைய பாகுபாடு இன்றைக்கும் பயனுடையது. பொருட்சுட்டு ஒரு கருத்தைப் பிறிதொரு கருத்தோடு இணைக்கிறது. சிலபோது அதனோடு மோதவும் வைக்கிறது. சொற்சுட்டு ஒரு சொல்லின் விளக்கம் வேறோர் இடத்தில் இருப்பதை அறிவிக்கிறது. இன்றைய வழிமாற்று, அடிப்படையில் சொற்சுட்டின் வழிவந்தது எனலாம்.

ஒரு துறையின் பெயர்கள் அனைத்தும் ஒருங்கே மாறியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு வேதியியலே சிறந்த சான்று. 1787இல் கித்தோன் த மொர்வோ, லவாய்சியர், பெர்த்தொலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் வேதியியற் பெயரிடுமுறை பற்றிய நூலைப் பாரிசில் வெளியிட்டனர். பழைய பெயர்களை அகரவரிசையில் தந்து அவற்றுக்கு நேராகப் புதிய பெயர்களைக் காட்டும் பட்டியலும், புதிய பெயர்களிலிருந்து பழைய பெயர்களுக்குச் செல்லும் அகராதியும் அந்நூலில் இடம்பெற்றன. 'விட்ரியால் எண்ணெய்' கந்தக அமிலம் ஆயிற்று. 'எரியும் காற்று' ஹைட்ரஜன் ஆயிற்று. 'புளோஜிஸ்டன் நீங்கிய காற்று' ஆக்சிஜன் வாயு ஆயிற்று.

இம்மூன்று இணைகளும் பட்டியலில் ஒரே தன்மையனவாகத் தோன்றுகின்றன. ஆயின் அவை ஒரே தன்மையன அல்ல. விட்ரியால் எண்ணெய் என்பது பட்டறையில் வழங்கிய பெயர். அது மாறியதால் பொருள் பற்றிய கொள்கை மாறவில்லை. 'புளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்னும் பெயரோ ஒரு கோட்பாட்டின் சுருக்கம். எரியும் பொருள்களினின்று புளோஜிஸ்டன் என்னும் ஒரு கூறு வெளியேறுகிறது என நம்பிய பிரீஸ்ட்லி, 1774இல் தாம் பிரித்தெடுத்த காற்றில் அக்கூறு இல்லை எனக் கருதி அதற்கு இப்பெயரை இட்டார். அப்பெயரை ஆக்சிஜனுக்கு நேரான பெயராகக் காட்டும் பட்டியல் எந்தப் பொருள் என்பதைச் சரியாகச் சொல்கிறது. பழைய பெயரை வழங்கியவர் அப்பொருளை என்னவாகக் கருதினார் என்பதை அது சொல்வதில்லை.

ஆக்சிஜன் என்னும் பெயரும் இதற்கு விலக்கன்று. அமிலத்தை ஆக்குவது என்பது அதன் சொற்பொருள். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்னும் லவாய்சியரின் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவியின் ஆய்வுகளால் மறுக்கப்பட்டது. கருத்து மறுக்கப்பட்டும் பெயர் நிலைத்துவிட்டது. கோட்பாடு மாறும்போது பெயரும் மாறுவது உண்டு. கோட்பாடு மாறியும் பெயர் மாறாதிருப்பதும் உண்டு. நோக்கு நூல் முன்னதற்கு 'காண்க' எனக் குறிப்புத் தரலாம். பின்னதற்கு அத்தகைய குறிப்பு எதுவும் தோன்ற இடமில்லை.

இம்மாற்றத்தின் நடுவே சிக்கிய நோக்கு நூல் ஒன்றும் உண்டு. பாங்குக் என்னும் பதிப்பாளர் தொடங்கிய துறைவாரிப் பிரெஞ்சுக் கலைக்களஞ்சிய வரிசையில் வேதியியல் தொகுதியை எழுதியவர் மேற்கூறிய கித்தோன் த மொர்வோ ஆவார். அது 1786இல் வெளிவரத் தொடங்கியபோது 'அமிலம்' என்னும் தலைப்பைப் பழைய கோட்பாட்டின் அடிப்படையில் எழுதிய அவர், 'காற்று' என்னும் தலைப்பை அடைவதற்குள் புதிய கோட்பாட்டை ஏற்றுக்கொண்டிருந்தார். அச்சான பக்கங்களைத் திருத்த இயலாத நிலையில், தம் நிலைமாற்றத்தை ஒரு முன்னறிவிப்பாகவே எழுதிச் சேர்த்தார். அச்சு நூலின் இந்த இயலாமை ஒருவகையில் நன்மையாகவும் முடிந்தது. மாற்றம் எங்கே நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது என்பது நூலிலேயே பதிவாகிவிட்டது.

3. இணையத்தில் வழிமாற்று

விக்கிப்பீடியா 2001 சனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. அதன் முதல் மென்பொருளில் பக்கத் தலைப்புகள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதும் முறையில் அமைந்தன. விரைவிலேயே இயல்பான தலைப்புகளை எழுதும் வசதி வந்தது. முந்தைய சேர்ப்புத் தலைப்புகள் பல நீக்கப்படாமல் வழிமாற்றுகளாக வைக்கப்பட்டன. வழிமாற்றின் முதல் பெரும் பயன்பாடுகளுள் ஒன்று கலைச்சொல் மாற்றத்தால் விளைந்ததன்று. எழுதுமுறை மாற்றத்தால் விளைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் வந்த மென்பொருளில், ஒரு பக்கத்தைப் புதிய தலைப்புக்கு நகர்த்தினால் பழைய தலைப்பில் ஒரு வழிமாற்றுப் பக்கம் தானாகவே உருவாகும் ஏற்பாடு அமைந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே ஏற்பாடு உள்ளது. பக்கத்தின் தொடக்கத்தில் எழுதப்படும் கட்டளைச் சொல்லும் 'வழிமாற்று' எனத் தமிழிலேயே அமைந்துள்ளது.

இம்முறையின் இரண்டு இயல்புகள் மொழியியல் நோக்கில் கருதத்தக்கன. முதலாவது, ஆங்கில விக்கிப்பீடியாவில் வழிமாற்றுகளை வகைப்படுத்தும் வழக்கம் வளர்ந்துள்ளது. முந்தைய பெயரிலிருந்து வருவது, எழுத்துப்பிழையிலிருந்து வருவது, மாற்று எழுத்துக்கூட்டலிலிருந்து வருவது, தவறான பெயரிலிருந்து வருவது, வேறொரு கட்டுரையோடு இணைக்கப்பட்டதால் வருவது எனப் பல வகைகள் பிரிக்கப்படுகின்றன. கலைச்சொல்லியலார் இரு சொற்களுக்கிடையே பதிவு செய்ய விரும்பும் உறவுகள் பல இவ்வகைப்பாட்டில் உள்ளன. எனினும் கட்டுரையைப் படிக்க வரும் ஒருவர் இவ்வகைக்குறியைக் காண்பதில்லை. அது வழிமாற்றுப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அப்பக்கத்தில் எவரும் நிற்பதில்லை.

இரண்டாவது, மென்பொருள் பொதுவாக ஒரு வழிமாற்றை மட்டுமே பின்பற்றும். முதல் தலைப்பு இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் வழிமாற்றப்பட்டிருந்தால், முதல் தலைப்பிலிருந்து வருபவர் இடையில் நின்றுவிடுவார். இதனை 'இரட்டை வழிமாற்று' என்பர். இதனைச் சரிசெய்யும் தானியங்கி நிரல்கள் முதல் தலைப்பை நேரே மூன்றாவதற்குத் திருப்பிவிடுகின்றன. பயன்பாட்டு நோக்கில் இது முறையானதே. ஆனால் முதல் பெயரிலிருந்து இரண்டாவது பெயரும் அதிலிருந்து மூன்றாவது பெயரும் வந்தன என்னும் வரன்முறை இதனால் சுட்டிலிருந்து மறைகிறது. பழம்பெயர்கள் அனைத்தும் இன்றைய பெயருக்கு ஒரே தொலைவில் நிற்பனவாகத் தோன்றுகின்றன.

4. கலைச்சொல் மாற்றத்தின் வகைகள்

4.1 பெயர் மட்டும் மாறுதல்

புதிதாகக் கண்டறியப்படும் தனிமங்களுக்கு நிலையான பெயர் இடப்படும் வரை, அவற்றின் அணு எண்ணின் இலக்கங்களைக் கொண்டு தற்காலிகப் பெயரிடும் முறையைப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் வகுத்துள்ளது. 117ஆம் தனிமம் இம்முறைப்படி 'உனுன்செப்டியம்' எனப்பட்டது. 2016 சூன் மாதத்தில் அதற்கு 'டென்னசின்' என்னும் பெயர் முன்மொழியப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 28 அன்று ஏற்கப்பட்டது. 113, 115, 118 ஆகிய தனிமங்களும் அன்றே முறையே நிகோனியம், மாஸ்கோவியம், ஓகனெசான் என நிலையான பெயர்களைப் பெற்றன. இங்குப் பழைய பெயரும் புதிய பெயரும் சுட்டும் பொருள் ஒன்றே. பழைய பெயர் எக்கோட்பாட்டையும் தாங்கி நிற்கவில்லை. வழிமாற்று தன் பணியை முழுமையாகச் செய்யும் இடம் இதுவேயாகும்.

4.2 பெயர் பொருள்விட்டுப் பொருள் தாவுதல்

104 முதல் 109 வரையிலான தனிமங்களின் பெயர் வரலாறு இதற்கு நேர்மாறானது. அவற்றுள் சிலவற்றை முதலில் கண்டவர் யார் என்பதில் சோவியத் நாட்டின் துப்னா ஆய்வகத்துக்கும் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்துக்கும் நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. 104ஆம் தனிமத்தைச் சோவியத் அறிஞர்கள் குர்ச்சதோவியம் என்றும், அமெரிக்க அறிஞர்கள் ரூதர்ஃபோர்டியம் என்றும் வழங்கினர். 105ஆம் தனிமம் அமெரிக்காவில் ஹானியம் எனப்பட்டது. 1994இல் பன்னாட்டு ஒன்றியம் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. அதன்படி 104 துப்னியம், 105 ஜோலியோத்தியம், 106 ரூதர்ஃபோர்டியம், 108 ஹானியம் எனப் பெயர் பெற்றன. இப்பரிந்துரை எதிர்ப்புக்குள்ளாகி, 1997இல் இறுதி முடிவு எட்டப்பட்டது. அம்முடிவின்படி 104 ரூதர்ஃபோர்டியம், 105 துப்னியம், 106 சீபோர்கியம், 108 ஹாசியம் ஆயின. ஹானியம் என்னும் பெயர் எத்தனிமத்துக்கும் உரியதாகாமல் போயிற்று.

1995இல் அச்சான ஒரு கட்டுரை, ஒன்றியத்தின் அன்றைய பரிந்துரையைப் பின்பற்றித் துப்னியம் என எழுதியிருந்தால், அது 104ஆம் தனிமத்தைக் குறிக்கும். இன்று துப்னியம் என்று தேடுபவர் 105ஆம் தனிமத்தின் கட்டுரையையே அடைவார். இங்கு வழிமாற்றுக்கே தேவை எழவில்லை. தலைப்பு நேராகவே கிடைத்துவிடுகிறது. அதனாலேயே பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஹானியம் என்பது ஒரு காலத்து அமெரிக்க ஏடுகளில் 105ஐயும், 1994ஆம் ஆண்டின் பரிந்துரையில் 108ஐயும் குறித்தது. அதனை ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் வழிமாற்றினால், மற்றொரு பொருளில் அதனைக் கண்டு தேடி வருபவர் தவறான இடத்தை அடைவார்.

திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் முதற்பத்தும் ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பன. பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி எனத் தனியே அமைந்துள்ளது. வழிமாற்று முதற்பத்துத் தொகுதிகளின் நெறியைச் சார்ந்தது. ஹானியம் போன்ற பெயர் பதினோராம் தொகுதியின் நெறியை வேண்டுவது. இணையக் கலைக்களஞ்சியங்களில் அதற்குரிய ஏற்பாடு, தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என வழங்கும் பக்கமாகும். ஒரு பெயர் எவ்வேற்பாட்டுக்கு உரியது என்று முடிவு செய்வதற்கு, அப்பெயர் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தப் பொருளைக் குறித்தது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

4.3 ஒரு பெயரின் ஆட்சி பிரிதல்

குரங்கம்மைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'மங்கிபாக்ஸ்' என்னும் பெயர் இழிவுணர்வைத் தூண்டும் வகையில் ஆளப்படுவதைக் கருத்திற்கொண்டு, உலக நலவாழ்வு அமைப்பு 2022 நவம்பர் 28 அன்று 'எம்பாக்ஸ்' என்னும் பெயரைப் பரிந்துரைத்தது. ஓராண்டுக் காலம் இரு பெயர்களும் உடன்வழங்கும் என்றும், அதன்பின் பழைய பெயர் படிப்படியாகக் கைவிடப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. முந்தைய பதிவுகளோடு பொருந்தும் பொருட்டு, பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் பழைய பெயரைக் கொண்டும் தேட இயலும் என்று அவ்வமைப்பு உறுதியளித்தது. ஒரு பெயரைக் கைவிடுமாறு கூறும் அமைப்பே அதற்கு ஒரு வழிமாற்றையும் ஏற்படுத்தி வைத்தது எனலாம்.

எனினும் இம்மாற்றம் நோயின் பெயருக்கு மட்டுமே உரியது. தீநுண்மிகளுக்குப் பெயரிடும் பொறுப்பு வேறொரு பன்னாட்டுக் குழுவுக்குரியது. ஆதலின் நோய்க்குப் புதுப்பெயர் வந்ததனால் தீநுண்மியின் பெயர் உடன்மாறவில்லை. அதுவரை நோய்க்கும் தீநுண்மிக்கும் பொதுவாக வழங்கிய பெயரின் ஒருபாதி மட்டும் மாறியது. பழைய நூலொன்றில் வரும் அப்பெயர் நோயைச் சுட்டுகிறதா, தீநுண்மியைச் சுட்டுகிறதா என்பதைத் தொடரை நோக்கியே துணிய வேண்டும். வழிமாற்று தொடரை நோக்குவதில்லை.

5. தமிழ்க் கலைச்சொற்களும் வழிமாற்றும்

தமிழ் விக்கிப்பீடியாவை எழுதுவோர் தமிழகத்திலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். தமிழகத்திலும் இலங்கையிலும் அறிவியற் கலைச்சொற்கள் தனித்தனி மரபுகளாக வளர்ந்துள்ளன. தமிழகத்தில் ஆக்சிஜன் எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் ஒட்சிசன் எனப்படுகிறது. எலக்ட்ரான் அங்கு இலத்திரன். இயற்பியல் அங்குப் பௌதிகவியல். வேதியியல் அங்கு இரசாயனவியல். இவற்றோடு பிராணவாயு, உயிர்வளி போன்ற பழைய வழக்குகளும் புத்தாக்கங்களும் உள்ளன. ஒரே கலைக்களஞ்சியத்தில் இவை அனைத்தும் கூடும்போது ஒன்று தலைப்பாகவும் ஏனையவை வழிமாற்றுகளாகவும் அமைதல் தவிர்க்க இயலாதது.

ஆனால் பிராணவாயுவுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள உறவும், ஒட்சிசனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள உறவும் ஒன்றல்ல. முன்னது காலத்தால் விளைந்தது. பின்னது இடத்தால் விளைந்தது. ஒட்சிசன் கைவிடப்பட்ட சொல் அன்று. இலங்கையின் வகுப்பறைகளில் இன்றும் வாழும் சொல். வழிமாற்றின் அமைப்பு இவ்விரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது. எல்லா வழிமாற்றுகளையும் 'பழைய பெயர்' எனக் கொள்ளும் ஒருவர், வாழும் வட்டார வழக்கொன்றை வழக்கிறந்ததாகக் கருத நேரும்.

வேதியியல் என்னும் துறைப்பெயரின் வரலாறு இச்சிக்கலை மேலும் தெளிவாக்கும். யாழ்ப்பாணத்தில் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் முயற்சியால் 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. பின்னர் இரசாயனம் அல்லது இரசாயன சாத்திரம் என்னும் பெயர் வழங்கியது. அதன்பின் தமிழகத்தில் வேதியியல் நிலைபெற்றது. துறைப்பெயர் என்னும் அளவில் கெமிஸ்தம், இரசாயனம் ஆகிய இரண்டையும் வேதியியலுக்கு வழிமாற்றுவது பொருத்தமே. ஆனால் இரசாயனம் துறைப்பெயர் மட்டும் அன்று. 'இரசாயன உரம்' எனும்போது அது செயற்கையாக ஆக்கப்பட்ட பொருளைக் குறிக்கிறது. இப்பொருளில் அச்சொல் தமிழகத்திலும் இன்றும் வழக்கில் உள்ளது. மரபு மருத்துவ நூல்களில் அது உடலை உரப்படுத்தி மூப்பைத் தள்ளிவைக்கும் மருந்தைக் குறிக்கிறது. துறைப்பெயராக வழக்குக் குன்றிய ஒரு சொல், பொருட்பெயராகவும் மருந்துப் பெயராகவும் நின்று நிலவுகிறது. அதனை வேதியியலுக்கு மட்டும் வழிமாற்றினால் மூன்று பொருள்களுள் இரண்டு மறைந்துபோகும்.

மின்னணு என்னும் சொல் மற்றொரு சான்று. எலக்ட்ரானுக்குத் தமிழ்ப் பெயராக ஆளப்பட்ட இச்சொல், மின்னணுவியல் என்னும் துறைப்பெயருக்கு அடியாயிற்று. நாளடைவில் 'மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்' என்பதில்போல் அத்துறைசார்ந்த கருவிகளுக்கு அடைமொழியாக வழங்கலாயிற்று. இன்றைய பொதுவழக்கில் இவ்வடைமொழிப் பொருளே மேலோங்கி நிற்கிறது. பழைய பாடநூலொன்றில் 'மின்னணு' எனக் காண்பவருக்கு எலக்ட்ரான் பற்றிய கட்டுரை வேண்டும். செய்தித்தாளில் காண்பவருக்கு மின்னணுவியல் பற்றிய கட்டுரை வேண்டும். சொல் ஒன்றே; அது தோன்றிய காலமும் களமுமே வழியைத் தீர்மானிக்கின்றன.

6. மொழிபெயர்ப்பில் இதன் விளைவு

மொழிபெயர்ப்பாளர்கள் இணையக் கலைக்களஞ்சியங்களை நிகர்ச்சொல் தேடும் கருவியாகவும் கையாளுகின்றனர். ஒரு மொழியின் கட்டுரையிலிருந்து அதற்கு இணையான வேறுமொழிக் கட்டுரைக்குச் சென்று, அதன் தலைப்பை நிகர்ச்சொல்லாகக் கொள்வது பரவலான வழக்கம். மூலத்தில் உள்ள சொல் வழிமாற்றின் வழியாக ஒரு கட்டுரையை அடைந்திருப்பின், அக்கட்டுரையின் தலைப்பு இன்றைய சொல்லுக்கு நிகரே தவிர, மூலச் சொல்லுக்கு நிகராகும் என்பது உறுதியன்று. பிரீஸ்ட்லியின் நூலை மொழிபெயர்ப்பவர் புளோஜிஸ்டன் நீங்கிய காற்று என வரும் இடமெல்லாம் ஆக்சிஜன் என எழுதினால், நூலாசிரியர் ஏற்காத கோட்பாட்டை அவர் வாயில் வைத்தவராவார். வாக்கியங்கள் பிழையற்றிருக்கும், வாதம் பொருளற்றதாகிவிடும்.

ஒரு பக்கம் எப்போது நகர்த்தப்பட்டது, யாது காரணம் கூறி நகர்த்தப்பட்டது என்னும் செய்திகள் விக்கிப்பீடியாவின் பக்க வரலாற்றில் பதிவாகின்றன என்பது உண்மை. ஆனால் அப்பதிவு காட்டும் நாள், கட்டுரையின் தலைப்பு மாறிய நாளாகும். சொல் வழக்கில் மாறிய காலத்தை அது காட்டுவதில்லை. புதிய பெயர் அறிவிக்கப்பட்ட உடனே தலைப்பை மாற்றாமல், மாற்றத்துக்குப் பின் எழுதப்பட்ட சான்றுகளில் எப்பெயர் வழங்குகிறது என்பதற்கு முதன்மை தர வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் நெறி. எனவே அறிவிப்புக்கும் தலைப்பு மாற்றத்துக்கும் இடையே காலம் செல்லக்கூடும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கூடாது.

7. முடிவுரை

பெயர் மட்டும் மாறும் இடத்தில் வழிமாற்று குறையற்ற ஏற்பாடு. பெயர் பொருள்விட்டுப் பொருள் தாவும் இடத்திலும், பெயரின் ஆட்சி பிரியும் இடத்திலும், மாற்றம் காலத்தைச் சாராமல் இடத்தைச் சார்ந்திருக்கும் இடத்திலும் அது போதாது. 1787ஆம் ஆண்டின் பட்டியலில் விட்ரியால் எண்ணெயும் புளோஜிஸ்டன் நீங்கிய காற்றும் ஒரே வரிசையில் நின்றபோதே இக்குறை தோன்றிவிட்டது. இணையம் அதனைப் புதிதாக ஏற்படுத்தவில்லை. விரைவாலும் எளிமையாலும் கண்ணுக்குத் தெரியாததாக ஆக்கியது.

இக்குறையை நீக்கப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு பழஞ்சொல் எக்காலத்தில் வழங்கியது, எந்நாட்டில் அல்லது எத்துறையில் வழங்கியது, இன்றைய சொல்லோடு அதற்குள்ள உறவு எத்தகையது என்னும் மூன்று செய்திகள் போதும். இவற்றை வழிமாற்றுப் பக்கத்தில் மட்டும் எழுதினால் எவரும் காணார். சென்றடையும் கட்டுரையிலேயே பெயர் வரலாறு பற்றிய ஒரு பத்தியாக எழுதுதல் வேண்டும். தமிழைப் பொறுத்தவரை இப்பத்திகளுக்கு வேண்டிய சான்றுகள் இரு நாட்டுப் பாடநூல்களிலும் கலைச்சொல் தொகுதிகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாண நூல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஆண்டுக் குறிப்புடன் தருவது மொழியியலார் மேற்கொள்ள வேண்டிய பணியாகும். அப்பணி நிறைவேறும்வரை, மூலநூலின் ஆண்டையும் நாட்டையும் நோக்கிய பின்னரே வழிமாற்று காட்டும் சொல்லை ஏற்பது மொழிபெயர்ப்பாளர்க்குப் பாதுகாப்பான நெறியாகும்.